மாரிக்கு ஒன்று, தைக்கு ஒன்று, சோளகத்துக்கு ஒன்றுமில்லை: விறாந்தைப் பூக்கன்றுகளுக்கு எந்தப் பசளை?

கனடாவில் இருக்கிற என் தங்கச்சி ஐப்பசி பிறந்தவுடன் எடுக்கிற அழைப்பில் இரண்டு விசயம் தவறாது வரும். ஒன்று அம்மாவின் மருந்து. மற்றது, "அக்கா, இனிப் பூக்கண்டுகளுக்குப் பசளை போடாத. பங்குனி வரைக்கும் அதுகள் நித்திரை."

அவளுடைய ஊருக்கு அது சரி. ரொறன்ரோவில் மார்கழிப் பகல் 9 மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆனி மாதத்தில் 15 மணித்தியாலத்தைத் தாண்டும். வெளிச்சம் அவ்வளவு சுருங்கினால் யன்னலோரத்து மணிப்பிளான்ட் வளர்ச்சியை நிறுத்திவிடும். வளராத கன்று பசளையை எடுக்காது. எடுக்காத பசளை சாடி மண்ணுக்குள் உப்பாகத் தேங்கி வேரைச் சுடும். பசளைப் பெட்டிகளில் "குளிர்காலத்தில் நிறுத்துக" என்று அச்சடித்திருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இலங்கையின் வன்னியிலுள்ள எங்கள் கிளிநொச்சி 9 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. எங்களுடைய மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய 1 மணித்தியாலம்தான் வித்தியாசம். மார்கழியிலும் உடம்பில் போர்வை கேட்குமே தவிர, மணிப்பிளான்ட்டுக்கு அது குளிரே இல்லை. ஆக, வன்னியில் கன்றை நித்திரையாக்குவது பகலும் குளிரும் அல்ல, தண்ணீர். அது கூடினாலும் நித்திரை, குறைந்தாலும் நித்திரை. இதை மனதில் வைக்காமல் பசளைக் கடைக்குப் போனால் எந்தப் பொருளும் சரியாகத்தான் தெரியும், எந்தப் பொருளும் பிழையாகவே போகும்.

இதை எழுத வைத்தது எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. கல்யாணம் முடித்து வவுனியாவுக்குப் போனவள், விறாந்தையில் பதினொரு சாடி வைத்திருக்கிறாள். "அன்ரி, கடையில நாலு சாமான் காட்டுறாங்கள். அப்பா வயலுக்கு வாங்கின யூரியா வீட்டில கிடக்குது, அதைப் போடச் சொல்லுறார். எதைப் போட?" என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாத பதில் இது.

முதலில் அப்பாவின் யூரியா. அதை நானும் போட்டவள்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம், பீஸ் லில்லி வெளிறிக் கிடக்கிறதே என்று ஒரு தேக்கரண்டி நிறைய யூரியாவைச் சாடி ஓரமாகத் தூவித் தண்ணீர் விட்டேன். மூன்றாம் நாள் இலை நுனிகள் கபிலமாகின. ஒரு கிழமைக்குள் இலை விளிம்பெல்லாம் நெருப்பில் வாட்டியது போல. கன்று பிழைத்தது, ஆனால் அடியிலிருந்து புது இலை வர மாரி வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஒரு தேக்கரண்டி என்பது 4, 5 கிராம். வயலில் அந்த அளவு பரந்த சேற்றில் கரைந்து போகும். எட்டங்குலச் சாடியில் அது போக இடமில்லை. வெக்கையில் யூரியா வேகமாக அமோனியாவாக மாறும், அது இளம் வேருக்கு நஞ்சு. அதோடு மண்ணின் தண்ணீரில் உப்புச் செறிவு கூடிவிட்டால் வேரால் தண்ணீரை உறிஞ்சவும் முடியாது. ஈர மண்ணிலேயே கன்று தாகத்தில் வாடும். வயலுக்குப் போடுகிற மற்ற இரண்டும் இதே கதைதான். எம்.ஓ.பி. என்கிற பொற்றாசியம் குளோரைட்டுப் பசளையில் 60 வீதம் பொற்றாசு இருந்தாலும் மிச்சத்தில் பெரும்பகுதி குளோரைட்டு. அந்தூரியம், பீஸ் லில்லி போன்றவற்றின் இலை நுனி அதைத் தாங்காது. ரி.எஸ்.பி. என்கிற பொசுபரசுப் பசளை சுடாது, ஆனால் அதில் பொசுபரசைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை, இலைக்காக வளர்க்கிற கன்றுக்கு அது அவ்வளவு தேவையுமில்லை. உரப்பை வயலுக்கே இருக்கட்டும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு தடைசெய்து, நவம்பரில் அந்தத் தடையை எடுத்தது நினைவிருக்கும். அந்த மாதங்களில் வயலுக்கே யூரியா இல்லை, பூச்சாடியை யார் பார்த்தது. எருக்கும்பியை மறந்திருந்த வீடுகளெல்லாம் மறுபடி அதைத் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

மாட்டெருவுக்கு வன்னியில் பஞ்சமில்லை. பட்டி வைத்திருக்கிற வீட்டில் கேட்டால் ஒரு பை சும்மா தருவார்கள். பழுத்த எரு, அதாவது மூன்று நான்கு மாதம் நிழலில் கிடந்து மணம் போய், கையில் எடுத்தால் உதிர்கிற எரு, சாடிக்கு நல்லது. பச்சை எரு கூடாது: சூடு ஏறும், புல் முளைக்கும், சாடி நிலத்தோடு இருந்தால் கறையானும் வந்துவிடும். ஆட்டெரு மாட்டெருவை விடக் காரம், பாதி அளவு போதும். மண்புழு உரம் கிடைத்தால் இரண்டையும் விட அதுதான் சாடிக்குப் பொருத்தம்; மணமில்லை, மண்ணை இறுக்காது. பத்தங்குலச் சாடிக்கு ஒரு பிடி.

ஆனால் சேதனப் பசளையின் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தானாகக் கரைவதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று செரித்த பிறகுதான் நைதரசன் வேருக்குக் கிடைக்கும். நுண்ணுயிருக்கு ஈரம் வேண்டும். ஆடி மாதம் காய்ந்த சாடியில் எருவைப் போட்டால் அது அப்படியே கிடக்கும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் எல்லாம் ஒரேயடியாக அவிழும். முதல் மழைக்குப் பிறகு புல்பூண்டு திடீரென்று கரும்பச்சையாவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்து கிடந்த மண் நனைந்ததும் ஒரு வேக நைதரசன் வெளிவரும். சாடியிலும் அதே. ஆகவே எரு மாரிக்கு முந்திய பொருள்: புரட்டாதிக் கடைசியில் மேல்மண்ணைக் கிளறிப் போட்டால் மழையோடு சேர்ந்து வேலை செய்யும். தென்மேற்குக் காற்று அடிக்கிற வறண்ட சோளகக் காலத்தில் போடுவது வீண்.

வீட்டுக்குள் வைக்கிற சாடிக்கு எருவைப் பற்றி எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. ஈர எருவில் சின்னக் கறுப்பு ஈ பெருகும். விறாந்தைக்குச் சரி, சாமியறை வாசலுக்குச் சரியில்லை.

குசினிப் பொருட்களைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்கிறார்கள், நான் விரைவாகச் சொல்லி விடுகிறேன். அரிசி கழுவின தண்ணீர் தண்ணீராகவே நல்லது, பசளையாகப் பெரிதில்லை. அன்றன்றைக்கு விடுங்கள், புளிக்க விடாதீர்கள். தேயிலைச் சக்கை சாடி மேலே பூஞ்சணம் பிடிக்கும், கூட்டெருக் குழிக்குப் போடுங்கள். வாழைப்பழத் தோல் ஊறின தண்ணீரில் கொஞ்சப் பொற்றாசியமும் நிறையப் பழ ஈயும் உண்டு. முட்டைக்கோது கல்சியம், எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஏற்கெனவே கல்சியம் தாராளம். முல்லைத்தீவுப் பக்கம் மீன் கழிவையும் சர்க்கரையையும் சம அளவில் ஊறவைத்து எடுக்கிற மீன் கரைசல் மட்டும் உண்மையில் காரமான பொருள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 1 அல்லது 2 மில்லிலீற்றர், அதற்கு மேல் வேண்டாம். பூனை வந்து சாடியைத் தோண்டினால் என்னைத் திட்டாதீர்கள்.

மிஞ்சுவது கடைப் பொருட்கள் இரண்டு: தண்ணீரில் கரைத்து ஊற்றுகிற தூள், மெதுவாகக் கரைகிற குருணி. பிள்ளை கேட்ட கேள்வி உண்மையில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

தூளில் பல வகை. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் மூன்றும் சமமாக உள்ளதும் உண்டு, நீர்வளர்ப்புக்கு என்று விற்கிற அல்பேர்ட் கலவையும் உண்டு. இலைக்கன்றுக்கு எதுவும் போதும், இரும்பு போன்ற சின்ன மூலகங்களும் கலந்திருந்தால் நல்லது. தூளின் பெரிய பலம் அதை நிறுத்தலாம் என்பதுதான். இன்றைக்கு ஊற்றினேன், அடுத்த கிழமை மழை பிடித்துவிட்டது, ஊற்றாமல் விட்டேன், முடிந்தது. சாடிக்குள் போன குருணியைப் பொறுக்கி எடுக்க முடியாது. பலவீனமும் அதிலேயே: மறந்தால் ஒன்றுமில்லை, மழையில் நிற்கிற சாடியில் இன்று ஊற்றியது நாளை வடிகாலில்.

பெட்டியில் போட்டிருக்கிற அளவின் கால்வாசிதான் நான் பாவிப்பது. கால் கிராமை யார் நிறுப்பது என்று கேட்பீர்கள். மட்டமான ஒரு தேக்கரண்டி, சுமார் 5 கிராம், ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துத் தாய்க்கரைசலாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 50 மில்லிலீற்றரை எடுத்து ஒரு லீற்றர் தண்ணீரில் விட்டால் லீற்றருக்குக் கால் கிராம். தாய்க்கரைசலைச் சோடாப் போத்தலில் வைக்காதீர்கள், நீல நிறத் தண்ணீரைப் பிள்ளைகள் குடித்துப் பார்க்கும். ஊற்ற முதல் மண் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த சாடியில் பசளைத் தண்ணீர் ஊற்றுவது வெறும் வயிற்றில் சாராயம் குடிக்கிறதுபோல.

குருணி என்பது ஒவ்வொரு மணியும் பிசின் போர்வை போர்த்தது. ஈரம் உள்ளே போகும், கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். எவ்வளவு வேகமாக வருமென்பதைத் தீர்மானிப்பது முக்கியமாக வெப்பம். பெட்டியில் "3-4 மாதம்" என்று இருந்தால் அது 21 பாகை செல்சியசுக்குச் சொன்ன கணக்கு. 26 பாகையில் அது 2-3 மாதம், 32 பாகையில் 1-2 மாதம். இந்த ஒரு விசயத்தைக் கடைக்காரர் சொல்வதில்லை. வைகாசியில், காண்டாவன வெக்கையில், விறாந்தை ஓடு கொதிக்கிற நேரத்தில் குருணி போட்டால் என்ன ஆகும்? கன்று தாகத்தில் சோர்ந்து கிடக்கிற அதே நாட்களில் குருணி தன் முழு வேகத்தில் உப்பை அவிழ்க்கும். நிறுத்தவும் முடியாது.

அதே குருணியை ஐப்பசிக் கடைசியில் போட்டுப் பாருங்கள். மாரியில் இங்கே பகலும் இரவும் சேர்த்து 25, 26 பாகை அளவு. குருணி மெதுவாக அவிழும். கொட்டுகிற மழை தூளைக் கழுவிக்கொண்டு போவதுபோலக் குருணியைக் கழுவ முடியாது. தை, மாசியில், வெக்கை திரும்புவதற்கு முதலே, அது ஏறக்குறைய முடிந்துபோகும். மழை நனைக்கிற சாடிக்கு இதைவிடப் பொருத்தமான பொருளை நான் காணவில்லை. எட்டங்குலச் சாடிக்கு ஒரு தேக்கரண்டி, மேல்மண்ணுக்குள் ஓர் அங்குலம் புதைத்து. எருவைப் புரட்டாதியில் போட்ட சாடிக்கு அரைத் தேக்கரண்டி. போட்ட திகதியைச் சாடியில் பேனையால் எழுதி விடுங்கள். அடுத்த முறை நீங்கள் நினைப்பீர்கள், "போட்டேனா, போடவில்லையா" என்று.

வயல்காரருக்கு இது புதிதல்ல. விதைக்கும்போது போடுகிற அடிக்கட்டுப் பசளை ஒன்று, பயிர் வளர வளரப் போடுகிற மேற்கட்டுப் பசளை ஒன்று. குருணி அடிக்கட்டு, தூள் மேற்கட்டு. பிள்ளைக்கும் அவளுடைய அப்பாவுக்கும் சொன்ன பதில் இதுதான். அப்பாவுக்கு உடனே விளங்கியது.

இனி மேற்கட்டை எப்போது கட்டுவது. ஐப்பசி முதல் மழைக்கு ஒன்றும் போடாதீர்கள், கழுவுங்கள். சோளகம் முழுக்கச் சாடிக்குள் சேர்ந்த உப்பு அப்படியே இருக்கும். மண்சாடியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். சாடிகளை முற்றத்து மர நிழலில் வைத்து இரண்டு நல்ல மழை வாங்கட்டும். அடித்துளையால் தண்ணீர் தாராளமாக ஓட வேண்டும், அடியில் தட்டு வைக்கக் கூடாது. இரண்டு கிழமையில் புது இலைச் சுருள் வரும். அதற்குப் பிறகு குருணி.

கார்த்திகை, மார்கழியில் மழை விடாமல் பெய்தால் தூளைத் தொடவே வேண்டாம். 2018 மார்கழியில் வெள்ளம் வந்து இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த நாட்களில் எங்கள் சாடிகள் ஐந்து நாள் சேறும் தண்ணீருமாக நின்றன. இலைகள் மஞ்சளாகின. பசளைக் குறைவு என்று நினைத்தால் பிழை. தண்ணீர் நிறைந்த மண்ணில் காற்றில்லாமல் வேர் அழுகத் தொடங்கியிருந்தது. அப்போது தேவை பசளை அல்ல, கூரை. மஞ்சளைப் பார்த்துப் பசளைப் பெட்டியைத் தேடுகிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு. அடி இலைகள் மட்டும் ஒரே சீராக மஞ்சளாகி, மண்ணும் அளவாக ஈரமாக இருந்தால்தான் நைதரசன் குறைவு. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. எங்கள் சுண்ணாம்புத் தண்ணீரில் இரும்பு கரையாமல் அடைபடும், அந்தூரியத்தில் அடிக்கடி பார்க்கலாம். அதற்கு மழைத்தண்ணீர் பசளையை விட நல்ல மருந்து.

தை முதல் பங்குனி நடு வரையிலான காலம்தான் வன்னியின் வசந்தம். கிணறு நிரம்பியிருக்கும், தண்ணீரில் உப்புக் குறைவு, வானம் வெளித்திருக்கும், காலையில் பனி. தங்கச்சியின் பெட்டி "நிறுத்து" என்று சொல்கிற அதே மாதங்களில்தான் இங்கே தாராளமாகக் கொடுக்க வேண்டும்: கால் அளவுத் தூள், கிழமைக்கு ஒரு முறை. குறோட்டன் நிறம் பிடிப்பதும் அந்தூரியம் பூப்பதும் இப்போதுதான். நான்காவது முறை பசளை விடாமல் வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவி விடுங்கள்.

சித்திரையில் வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில். இடியோடு ஓரிரு மழை வரலாம், வந்தால் தூள் இரண்டு கிழமைக்கு ஒருமுறை. வராவிட்டால் அத்தோடு நிறுத்துங்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை, சோளகம் அடிக்கிற காலம் முழுக்க, பெரும்பாலான சாடிகளுக்கு நான் ஒன்றுமே கொடுப்பதில்லை. கிணற்று மட்டம் இறங்க இறங்கத் தண்ணீர் உப்பேறும். பசளையும் உப்புத்தான், இரண்டும் சேர்ந்தால் இலை நுனி சொல்லும். கேத்திலின் அடியில் எவ்வளவு வெள்ளை படிகிறது என்று பாருங்கள், உங்கள் சாடிக்குள்ளும் அவ்வளவு படிகிறது. வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரம் இருந்தால் அது வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரைப் பூக்கன்றுக்கு விடாதீர்கள். வடிகட்டி ஒதுக்கின உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வவுனியாவில் அந்த இயந்திரம் உள்ள வீடுகள் அதிகம், அதனால் பிள்ளைக்கு இதை இரண்டு முறை சொன்னேன்.

எல்லாக் கன்றும் ஒன்றல்ல. கிழக்கு ஆபிரிக்காவின் வறண்ட நிலத்திலிருந்து வந்த இசட்இசட் பிளான்ட்டும் மேற்கு ஆபிரிக்காவின் ஸ்நேக் பிளான்ட்டும் கிழங்கிலும் தடித்த இலையிலும் தண்ணீரைச் சேர்த்து வைப்பவை. வன்னிக் கோடை அவற்றுக்குப் பழகின கோடை. மாரித் தொடக்கத்தில் அரைத் தேக்கரண்டிக் குருணி, வருடத்துக்கு அவ்வளவுதான். கொலம்பியா, ஈக்குவடோர் மழைக்காட்டு அந்தூரியத்துக்கு எங்கள் ஆடிக்காற்று தண்டனை; அதைக் காற்றுப் படாத மூலைக்கு மாற்றுவது பசளையை விட முக்கியம். குளிரூட்டின அலுவலக அறையில் இருக்கிற சாடிக்கு மாரியும் இல்லை, சோளகமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கால் அளவுத் தூள் போதும், மேலதிகாரி ஊற்றுகிற மிச்சத் தேநீரை நிறுத்த முடியுமானால் இன்னும் நல்லது.

ஒன்றே ஒன்று வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால்? சாடிகள் மழை படுகிற இடத்தில் என்றால் குருணி, அதுவும் ஐப்பசிக்கு மட்டும். கூரைக்குக் கீழே என்றால் தூள். ஒரு சிறிய பக்கற் பதினொரு சாடிக்கு வருடத்துக்கு மேல் வரும். காசே இல்லையென்றால் பழுத்த எரு, புரட்டாதியில்.

பிள்ளை குருணியும் தூளும் வாங்கினாள். ஆனால் அவள் வாங்கினது ஆனியில். இப்போது ஆடி நடுப்பகுதி, குருணி ரின்னுக்குள் மூடி கிடக்கிறது. நேற்று அழைப்பெடுத்து, "அன்ரி, மணிப்பிளான்ட் மூண்டு கிழமையா ஒரு இலையும் விடேல்ல, கொஞ்சமாப் போடட்டோ?" என்றாள். வேண்டாம், பின்னேரத்தில் தண்ணீர் மட்டும் விடு என்றேன்.